தண்ணீர் வற்றினால் தண்டவாளம் வருமா?

வாசகர் கேள்வி – பதில்

கால்வாயை வற்றவைத்து அந்தத் தடத்திலேயே ரயில் விடும் யோசனை 19-ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் கிளம்பியது. சில நிறைவேறின, பல காகிதத்தோடு நின்றன. கோலாலம்பூர், பினாங்கு வாசகர்கள் இதுபற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: இங்கிலாந்தில் கால்வாய்களைத் தூர்த்து ரயில் விட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? வேறு நிலமா கிடைக்கவில்லை?
– வாசகர், செந்தூல்

உண்மைதான். லண்டனுக்குத் தெற்கே இருந்த குரோய்டன் கால்வாய் நல்ல உதாரணம். 1809-இல் திறந்த அந்தக் கால்வாய் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளம். வருமானம் போதவில்லை. லண்டன்–குரோய்டன் ரயில்வே கம்பெனி அதை 40,250 பவுனுக்கு வாங்கியது. 1836-இல் கால்வாய் மூடப்பட்டது, 1839-இல் ரயில் ஓடியது. இன்று வெஸ்ட் குரோய்டன் ஸ்டேஷன் இருப்பது அந்தக் கால்வாயின் படகுத்துறை இருந்த இடத்தில்.

நிலம் கிடைக்காமல் இல்லை. கிடைப்பதில்தான் சிக்கல். புதிதாக ரயில்பாதை போடுகிறவர் வழிநெடுக ஒவ்வொரு நிலச்சொந்தக்காரரிடமும் பேரம் பேச வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தாலும் பாதை வளையும், அல்லது விலை ஏறும். கால்வாய் அப்படி இல்லை. ஊர் ஆரம்பத்திலிருந்து ஊர் நடுவரை ஒரே நீளத் துண்டு, ஒரே முதலாளி. ஓரத்தில் கிட்டங்கிகளும் தொழிற்சாலைகளும் ஏற்கெனவே இருக்கும், சரக்கும் தயார். ரயில் கம்பெனிகள் கொடுத்த விலையில் பெரும்பங்கு இந்தத் துண்டு நிலத்துக்கான உரிமைக்குத்தான். வெட்டி வைத்த பள்ளம் அவர்களுக்குப் பெரிதாக உதவவில்லை என்பதை அடுத்து வரும் பதில்களில் பார்க்கலாம்.

கேள்வி: தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும். அப்படியென்றால் கால்வாயின் தரையும் மட்டம். ரயிலுக்கும் மட்டமான தரைதானே வேண்டும்? வேலை பாதி முடிந்த மாதிரி அல்லவா?
– வாசகர், கிள்ளான்

1840-களில் ரயில் கம்பெனிப் பங்கு வாங்கிய பலரும் இப்படித்தான் நம்பினார்கள். கால்வாய் மட்டம்தான், ஆனால் துண்டு துண்டாக மட்டம். ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்குப் படகை ஏற்ற ‘லாக்’ இருக்கும்: முன்னும் பின்னும் கதவு வைத்த கல் தொட்டி. தண்ணீர் நிரப்பினால் படகு ஏறும், வடித்தால் இறங்கும். மேடு வரும் இடத்தில் பத்து, பதினைந்து லாக் வரிசையாக வரும். பக்கவாட்டில் பார்த்தால் கால்வாய் ஒரு படிக்கட்டு. படிக்கட்டில் ரயில் ஏறாது. அதற்குச் சாய்தளம் வேண்டும்.

கணக்கோடு சொல்லிவிடுகிறோம். ஒரு லாக் 2.4 மீட்டர் ஏற்றும் என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் 10 லாக். மொத்த ஏற்றம் 24 மீட்டர். அதே கோட்டில் தண்டவாளம் போட்டால் 42 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவு.

மட்டத்தில் ஒரு டன் வண்டியை உருட்ட, அந்தக் காலத்துச் சக்கரங்களுக்கு, 4 கிலோ இழுவை போதும் என்று கொள்வோம். நூற்றுக்கு ஒன்று ஏற்றத்தில் டன்னுக்கு இன்னொரு 10 கிலோ கூடும். 42-க்கு ஒன்று என்றால் 24 கிலோ கூடும். 200 டன் ரயிலுக்கு மட்டத்தில் 800 கிலோ, நூற்றுக்கு ஒன்றில் 2,800 கிலோ, 42-க்கு ஒன்றில் 5,600 கிலோ இழுவை வேண்டும். ஆரம்பகால எஞ்சின் அந்த இடத்தில் சக்கரம் வழுக்கி நின்றுவிடும்.

சரி, நூற்றுக்கு ஒன்றாகவே சாய்தளம் அமைப்போம் என்றால் 24 மீட்டர் ஏற 2,400 மீட்டர் நீளம் தேவை. லாக் வரிசையோ 1,000 மீட்டர்தான். அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால், கடைசி லாக் இருந்த இடத்தில் ரயில் 10 மீட்டர்தான் ஏறியிருக்கும். மேலே இருக்கும் கால்வாய்த் தரைக்கு 14 மீட்டர் கீழே நிற்கும். அங்கிருந்து இன்னும் 1,400 மீட்டர் தூரம் மண்ணை வெட்டிக்கொண்டே போனால்தான் மேல்மட்டம் வரும். இரட்டைப் பாதைக்கு அடியில் 9 மீட்டர் அகலம், இருபுறமும் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் விரியும் சரிவு என்று எடுத்தால், அந்த இரண்டு துண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 386,000 கன மீட்டர் மண் வெட்ட வேண்டும். பழைய கால்வாய்ப் பள்ளம் அதில் ஒரு கீறல்தான்.

குரோய்டனில் நடந்ததும் இதுதான். 28 லாக்குகளில் பெரும்பாலானவை நியூ கிராஸ் பக்கத்து ஏற்றத்தில் இருந்தன. ரயில்வே அந்தப் படிவரிசையைத் தொடாமல் ஃபாரஸ்ட் ஹில் வரை நூற்றுக்கு ஒன்று சரிவில் பெரிய வெட்டுப்பள்ளம் தோண்டியது. மேல்மட்டத்தில்தான் கால்வாய்த் தடம் ஆங்காங்கே பயன்பட்டது.

கேள்வி: லாக்கே இல்லாத கால்வாய் இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா? நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். வளைவுக் கணக்கோடு சொன்னால் நன்றாக இருக்கும்.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

நீங்கள் கேட்டவுடனேயே விடையைத் தொட்டுவிட்டீர்கள், ஐயா. லாக்கைத் தவிர்க்க வேண்டுமென்றால் கால்வாய் மலையின் ஒரே உயரத்தைப் பிடித்தபடி வளைந்து வளைந்து போக வேண்டும். படகுக்கு அது சிரமமில்லை. குதிரை நடை வேகத்தில் கம்பால் தள்ளித் திருப்பிவிடலாம். ரயிலுக்குச் சிரமம்.

வளைவில் வெளித்தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதற்குக் கணக்கு: இரு தண்டவாள மையங்களுக்கு இடைத்தூரம் (மி.மீ.) பெருக்கல் வேகத்தின் வர்க்கம், வகுத்தல் 127 பெருக்கல் வளைவின் ஆரம் (மீட்டர்). மலேசிய ரயில்வேயான கே.டி.எம்.-இன் மீட்டர் கேஜுக்கு (இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி ஒரு மீட்டர்) இடைத்தூரம் சுமார் 1,060 மி.மீ. ஆரம் 200 மீட்டர், வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் 150 மி.மீ. உயர்த்தச் சொல்கிறது கணக்கு. மீட்டர் கேஜில் 90 முதல் 100 மி.மீ. வரைதான் வழக்கம். அதற்கு மேல் போனால் மெதுவாகப் போகும் சரக்கு வண்டியின் பாரம் முழுதும் உள்தண்டவாளத்தில் இறங்கி, அதன் தலை நசுங்கும். 90 மி.மீ.யோடு நிறுத்தினால் வேகம் 46 கிலோமீட்டர். கணக்கைவிடக் குறைவாக உயர்த்திய வளைவிலும் சற்று வேகமாகப் போக விடும் சலுகையைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். இப்படி ஒரு வளைவு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கிலோமீட்டருக்கு மூன்று என்றால் வண்டி வேகமெடுக்கவே நேரம் இருக்காது.

இதற்கு உயிரோடு இருக்கும் சாட்சி ஸ்காட்லாந்தில் உள்ளது. கிளாஸ்கோவிலிருந்து பெய்ஸ்லி வழியாக ஜான்ஸ்டன் வரை போன கால்வாயின் முக்கியத் தடத்தில் லாக்கே கிடையாது. 1881-இல் அதை மூடி, 1885-இல் ரயில் விட்டார்கள். மோசமான வளைவுகளை நேராக்கிய பிறகும் பாதை நெளிந்துதான் போகிறது. கார்ட் ஆற்றின் மேல் படகு போகக் கட்டிய கல்பாலத்தின் மேல்தான் இன்றும் ரயில் போகிறது. அந்தப் பாலம் கட்டியபோது அந்த நாட்டில் நீராவி ரயிலே ஓடவில்லை. தண்ணீர் நிறைந்த தொட்டியைத் தாங்கக் கட்டிய பாலம் என்பதால் அதற்குப் பாரம் புதிதல்ல. கால்வாயில் ரயிலுக்கு நேரடியாகப் பயன்பட்ட உறுப்பு எது என்று கேட்டால், இப்படிப்பட்ட ஆற்றுப் பாலங்களைத்தான் முதலில் சொல்வோம். இன்று அந்தப் பாதை முடியும் பெய்ஸ்லி நிலையத்துக்கு ‘பெய்ஸ்லி கெனால்’ என்றே பெயர்.

கேள்வி: உண்மையில் எப்படி மாற்றினார்கள்? தண்ணீரைத் திறந்துவிட்டு ஜல்லியைக் கொட்டிவிட்டால் முடிந்ததா? படிப்படியாக விளக்குங்கள். சிவில் படிக்கும் மாணவி நான்.
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். முதலில் உச்சிமட்டத்துக்கு நீர் கொடுக்கும் ஏரி மதகை அடைக்க வேண்டும். வழியில் வந்து சேரும் ஓடைகளுக்கு மாற்று வழி வெட்ட வேண்டும். கால்வாய்ப் பாலங்களின் அடியில் இருபுறமும் கல்லில் காடி வெட்டியிருக்கும். அதில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, ஒன்றிரண்டு கிலோமீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக வடிப்பார்கள்.

வேகமாக வடிக்கக் கூடாது. பல வருடம் நனைந்த கரைக்கு எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுத்து நிற்பதே தண்ணீர்தான். அதைச் சட்டென்று எடுத்தால் கரைக்குள் ஊறிய நீர் வெளியேற வழியின்றி, கரை உள்பக்கமாகச் சரிந்து விழும். நாளுக்கு ஓரடிக்கு மேல் இறக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது சேறு. அரை மீட்டர் கனத்துக்குக் கறுப்புச் சேறு, 5 மீட்டர் அடி அகலம் என்றால் ஒரு கிலோமீட்டரில் 2,500 கன மீட்டர். இதை அள்ளாமல் மேலே மண் கொட்டினால், சேறு பக்கவாட்டில் பிதுங்கி வெளியேறும், போட்ட மண் அமிழும்.

சேற்றுக்கு அடியில் இருப்பதுதான் உண்மையான வில்லங்கம். தண்ணீர் கசியாமலிருக்க, கால்வாயின் அடியிலும் பக்கங்களிலும் 60 முதல் 90 சென்டிமீட்டர் கனத்தில் மிதித்துப் பிசைந்த களிமண் பூசியிருப்பார்கள். நீரைப் பிடித்து வைப்பதற்கென்றே செய்த அமைப்பு அது. ரயில்பாதைக்கு வேண்டியதோ நீர் உடனே வெளியேறும் தரை. களிமண்ணை அப்படியே விட்டால், மழைநீர் ஜல்லிக்கு அடியில் குளம் கட்டும். ரயில் போகும் ஒவ்வொரு முறையும் சிலிப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை) அமுங்கி எழும்போது, கூழான களிமண் ஜல்லிக்குள் உறிஞ்சப்பட்டு மேலே வரும். தண்டவாள இணைப்புகளின் அருகே ஜல்லி மேல் சாம்பல் நிறத்தில் சேறு தெறித்திருந்தால் இந்த நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். சிலிப்பர் அந்தரத்தில் தொங்கும், மட்டம் கெடும். மேலே எத்தனை தடவை ஜல்லி சேர்த்துக் குத்தினாலும் தீராது.

பரிகாரம் முன்கூட்டியே செய்ய வேண்டும். நடுவில் நீளவாக்கில் ஒரு குறுகிய பள்ளம் வெட்டிக் களிமண்ணை ஊடுருவ வேண்டும். அதிலிருந்து பக்கவாட்டில் குறுக்கு வடிகால்கள் எடுத்து, தாழ்ந்த இடத்தில் ஓடைக்கு வழி விட வேண்டும். பிறகு எஞ்சின் சாம்பல், சரளை, சுண்ணாம்புக்கல் உடைசல் என்று நீர் தங்காத பொருளை 20 முதல் 30 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு இறுக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் நிரப்ப, சராசரி 7 மீட்டர் அகலத்துக்கு, கிலோமீட்டருக்கு 10,500 கன மீட்டர் ஆகும். மேற்பரப்பை நடுவில் உயர்த்தி இருபக்கமும் சரித்து, அதன்மேல் ஒரு மணல் படுகை, அப்புறம் சிலிப்பருக்கு அடியில் 25 முதல் 30 சென்டிமீட்டர் ஜல்லி. இன்றைக்கு என்றால் மணலோடு துணிவிரிப்பும் போடுவோம்.

நீங்கள் வரைபடம் போடும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: பாதையின் நடுக்கோட்டைப் பாதி பழைய கரையிலும் பாதி நிரப்பிய பள்ளத்திலும் விழும்படி வைக்காதீர்கள். கரைப்பக்கம் கெட்டி, பள்ளப்பக்கம் இறங்கும். இரு தண்டவாளமும் வெவ்வேறு அளவில் அமிழ்ந்து பாதை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய பாதையில் ஒரு சக்கரம் பாரமிழந்து ஏறிவிடும். தடம்புரள அது போதும். ஒன்று முழுக்கப் பள்ளத்தில், அல்லது முழுக்கக் கரையில்.

சாலைப் பாலங்களும் தப்பாது. தண்ணீர் 1.5 மீட்டர், அதன்மேல் வளைவு உச்சி 2.5 மீட்டர், தரையிலிருந்து மொத்தம் 4 மீட்டர். இதில் ஜல்லி, சிலிப்பர், தண்டவாளம் 60 சென்டிமீட்டரை விழுங்கிவிடும். மிச்சம் 3.4 மீட்டர். பிரிட்டிஷ் வண்டிகளுக்கே ஏறக்குறைய 4 மீட்டர் உயரம் வேண்டும். அதோடு, வளைவு உச்சியில் கிடைக்கும் உயரம் ஓரத்தில் கிடைக்காது. பெட்டியின் மேல்மூலைதான் முதலில் இடிக்கும். தரையைத் தோண்டி இறக்கலாம் என்றால் பாலத்தின் அடித்தளம் வெளியே தெரியும். ஆகவே பெரும்பாலும் இடித்துக் கட்டுவதுதான் வழி.

கடைசியாக, சட்டப்படி கைமாறும் நாள் வரை கரையில் கடப்பாரை வைக்கக் கூடாது. அபர்டீன்ஷயர் கால்வாயை ரயில் கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தபோது, விற்பனை முடியுமுன்பே ஒப்பந்தக்காரர்கள் கின்டோர் அருகே கரையை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் வடிந்து, சரக்கோடு வந்த படகுகள் நடுவழியில் தரைதட்டின. வெட்டிய கரையை மறுபடி கட்டி, தண்ணீர் விட்டு, படகுகளை ஊர் சேர்த்த பிறகே வேலை தொடர்ந்தது. ரயில் 1854-இல் ஓடியது.

கேள்வி: கால்வாய்ச் சுரங்கத்துக்குள் தண்ணீர் இருக்கும்போதே ரயில் போனதாகக் கேள்விப்பட்டேன். நம்பலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

நம்பலாம். தேம்ஸ் நதியையும் மெட்வே நதியையும் இணைக்க, கிரேவ்சென்டிலிருந்து ஸ்ட்ரூட் வரை வெட்டிய கால்வாய் 1824-இல் திறந்தது. அதில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து 3.6 கிலோமீட்டர் சுரங்கம். பாய்மரச் சரக்குப் படகுகளுக்காகக் கட்டியதால் 8 மீட்டர் அகலம், நல்ல உயரம். ஆனால் உள்ளே ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் போக முடியும். காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க 1830-இல் நடுவில் மேலிருந்து திறந்து, படகுகள் விலகிச் செல்ல இடம் அமைத்தார்கள். அதனால் ஒரு சுரங்கம் இரண்டானது.

1845-இல் கால்வாய்க் கம்பெனியே ஒற்றைத் தண்டவாளம் போட்டது. குதிரை நடக்கும் ஓரப்பாதை ஒரு ரயிலுக்குப் போதாது. ஆகவே பாதையின் ஒரு பக்கத்தை நடைபாதையில் ஊன்றி, மறுபக்கத்தைத் தண்ணீருக்கு மேல் மரச்சாரம் கட்டித் தாங்கினார்கள். ரயிலுக்குக் கீழே கால்வாய் அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டே சவுத் ஈஸ்டர்ன் ரயில்வே அதை வாங்கி, சுரங்கத்துக்குள் கால்வாயைத் தூர்த்து, 1847-இல் இரட்டைப் பாதை திறந்தது.

இங்கே மாற்றம் எளிதாக நடந்ததற்குக் காரணம் சுரங்கம் மட்டமாகவும் நேராகவும் பெரிதாகவும் இருந்ததுதான். பூசாமல் விட்ட சுண்ணாம்புப் பாறை மட்டும் பின்னாளில் தொல்லை கொடுத்தது. துண்டுகள் உதிர்ந்து கொண்டே இருந்ததால், 2004-இல் ஏறக்குறைய ஓராண்டு மூடி உட்சுவர் அமைத்தார்கள். இன்றும் ரயில் அதன் வழியாகத்தான் போகிறது.

கேள்வி: நிறைவேறாமல் போன திட்டங்களில் பெரியது எது?
– வாசகர், ஷா ஆலாம்

பண அளவில் லண்டனின் ரீஜன்ட்ஸ் கால்வாய். 1845-இல் அதை ரயில்பாதையாக்க ஒரு குழு 10 லட்சம் பவுன் தருவதாகச் சொல்ல, இயக்குநர்கள் சம்மதித்தார்கள். பணம் திரளவில்லை. அடுத்து, கரையோரமாக ரயில் போடும் யோசனை. ரீஜன்ட்ஸ் பூங்கா ஓரம் ரயில் புகைவதை அரசே விரும்பவில்லை. 1883-இல் ‘ரீஜன்ட்ஸ் கால்வாய், நகர, துறைமுக ரயில்வே’ என்று பெயர் வைத்த கம்பெனியே 1,170,585 பவுனுக்கு வாங்கியது. பெயரில் ரயில்வே இருந்தது, தரையில் ஒரு தண்டவாளமும் வரவில்லை. பின்னாளில் பெயரிலிருந்தும் ரயில்வே போய்விட்டது. படகுகள் மட்டும் இன்றும் போகின்றன.

நீள அளவில் பார்த்தால் 1846-இல் அமைந்த ஷ்ராப்ஷயர் யூனியன். பல கால்வாய்களை ஒன்று சேர்த்து, அவற்றின் தடத்தில் ரயில்வலை அமைப்பது நோக்கம். புதிய பாதை போடும் செலவில் பாதியில் முடித்துவிடலாம் என்று கணக்குச் சொன்னார்கள். 1847-இல் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே அதைக் குத்தகைக்கு எடுத்தது. ஸ்டாஃபோர்டு–ஷ்ரூஸ்பரி பாதை மட்டும் வந்தது, அதுவும் புது நிலத்தில். போட்டி ரயில்வே உள்ளே நுழையாமல் தடுக்கக் கால்வாய் கையில் இருந்தாலே போதும் என்பதுதான் குத்தகையின் பயன்.

இதற்கு நேர்மாறாக, டப்ளினில் மிட்லண்ட் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1845-இல் ராயல் கால்வாயை 298,059 பவுனுக்கு வாங்கியபோது, படகுப் போக்குவரத்தை நிறுத்தக் கூடாது என்று சட்டம் கட்டிப்போட்டது. அவர்கள் கால்வாயைத் தொடாமல் அதன் ஓரத்து நிலத்திலேயே பாதை போட்டு 1848-இல் மலிங்கார் போய்ச் சேர்ந்தார்கள். மான்செஸ்டர்–போல்டன்–பரி கால்வாய்க் கம்பெனியும் 1831-இல் தன்னையே ரயில்பாதையாக்கப் புறப்பட்டு, எதிர்ப்பு வந்ததும் பக்கத்தில் போட்டது. எங்கள் பார்வையில் இந்த ‘பக்கத்தில் போடும்’ வழிதான் எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமானது. லாக், சேறு, களிமண் எதுவும் குறுக்கே வராது, நிலமும் கைக்குள் இருக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் கால்வாயில் சுரங்க ரயில் கட்டினார்களாமே?
– வாசகி, பாயான் பாரு

மூன்று ஊர்களில். நியூவர்க்கில் மோரிஸ் கால்வாயின் தடத்தில் 1935-இல் தொடங்கிய ரயில் இன்றும் ஓடுகிறது. (அந்தக் கால்வாயிலேயே 23 சரிவுகளில் படகைச் சக்கரத் தள்ளுமேடையில் வைத்துத் தண்டவாளத்தில் ஏற்றினார்கள்.) ரோச்செஸ்டரில் பழைய ஈரி கால்வாயின் பள்ளத்தில் 1927-இல் தொடங்கி 1956-இல் நிறுத்தினார்கள். சின்சினாட்டியில் 1916-இல் 60 லட்சம் டாலர் கடன்பத்திரத்துக்கு மக்கள் ஒப்புதல் தந்தார்கள். உலகப்போர் வந்து வேலை தள்ளிப்போக, விலைவாசி ஏறியது. 1920-இல் தொடங்கிய கட்டுமானம் பணமில்லாமல் நின்றது. சுரங்கம் இருக்கிறது, பயணிகள் ரயில் ஒன்றுகூட ஓடவில்லை. வாங்கிய கடன் அடைந்தது 1966-இல்.

நகருக்குள் கால்வாய்ப் பள்ளம் சுரங்க ரயிலுக்கு நிஜமாகவே வசதி. தோண்டும் வேலை குறைவு, குறுக்கே குடிநீர்க் குழாயோ சாக்கடையோ இருக்காது, மேலே கூரை போட்டால் புதிய சாலை. குறை என்னவென்றால், கால்வாய் சரக்குக் கிட்டங்கிகளைத் தொட்டுப் போகும்; மக்கள் வேலைக்குப் போகும் இடத்தைத் தொடாது.

கேள்வி: சென்னை பறக்கும் ரயிலும் இதே வகையா?
– வாசகர், ஈப்போ சாலை, கோலாலம்பூர்

பாதி. கடற்கரை நிலையத்திலிருந்து 1995-இல் சேப்பாக்கம் வரை, 1997-இல் திருமயிலை வரை, 2007-இல் வேளச்சேரி வரை திறந்த அந்தப் பாதை, நகருக்குள் நீண்ட தூரம் பக்கிங்காம் கால்வாயின் தடத்தில் தூண்மேல் போகிறது. கால்வாயைத் தூர்க்கவில்லை. ஆனால் பல இடங்களில் தூண்களும் நிலையங்களும் தண்ணீரின் இடத்தை எடுத்துக்கொண்டன. அகலம் சுருங்கி, படகு போகும் வாய்ப்பு முடிந்தது. ஒரு காலத்தில் ஆந்திரத்திலிருந்து சென்னைக்கு விறகும் உப்பும் வந்த வழி அது. அதே மண்ணில்தான் பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ரயிலைவிடக் கால்வாய் மலிவு என்று கடைசிவரை வாதாடினார்.

கேள்வி: கிள்ளான் ஆறு, பெரிய மழைநீர்க் கால்வாய்கள், பினாங்கில் பிராங்கின் கால்வாய்... இவற்றின் மேல் எல்.ஆர்.டி. (இலகு ரயில்) போட்டால் நிலம் கையகப்படுத்தும் செலவு மிச்சமாகாதா?
– வாசகர், அம்பாங்

நிலச்செலவு மிச்சமாகும். வெள்ளச்செலவு கூடும். 12 மீட்டர் அகலக் கால்வாயின் நடுவில் 1.8 மீட்டர் தூண் நிறுத்தினால் அகலத்தில் 15 விழுக்காடு போய்விட்டது. அதோடு நிற்காது. மழை நாளில் மிதந்து வரும் மரக்கிளை, மெத்தை, பிளாஸ்டிக் எல்லாம் தூணில் சிக்கி, தூணைவிட அகலமான அடைப்பாகும். மேல்பக்கம் நீர்மட்டம் ஏறும், தூணின் அடியில் மண் அரிக்கும். கோலாலம்பூரில் திடீர் வெள்ளம் என்றால் ஒரு மணி நேர மழை போதும்; இங்கே சென்டிமீட்டர் கணக்கும் பெரிது. அடுத்தது பராமரிப்பு. வடிகால் இலாகாவின் மண்வாரி இயந்திரம் கரையில் நின்று கையை வீசித்தான் தூர் எடுக்க வேண்டும். தலைக்கு மேல் பாலம் தாழ்வாக இருந்தால் அது முடியாது. கட்டத்தான் வேண்டுமென்றால் தூண்களைக் கரைக்கு வெளியே இருபக்கமும் நிறுத்தி, குறுக்கே உத்திரம் போட்டு, அதன்மேல் பாதையை வைக்க வேண்டும். செலவு கூடும், தண்ணீர் தப்பும்.

உங்கள் அம்பாங் எல்.ஆர்.டி.யே இதற்கு நல்ல மாற்றுப் பாடம். அம்பாங் பக்கத்தில் அது ஆற்றைத் தேடிப் போகவில்லை. கைவிடப்பட்ட பழைய அம்பாங் ரயில்பாதையின் தடத்தைப் பிடித்தது. ரயிலுக்காகவே அமைத்த சரிவு, ரயிலுக்காகவே அமைத்த வளைவு, அரசின் கையில் இருந்த நிலம். நீருக்கும் சாலை வண்டிக்கும் ஒரே குழாய் என்பதை இங்கே ‘ஸ்மார்ட்’ சுரங்கம் 2007 முதல் செய்து வருகிறது. அங்கேயும் பெருமழை என்றால் வண்டிகளை வெளியேற்றிவிட்டு முழு இடத்தையும் தண்ணீருக்குத்தான் கொடுக்கிறார்கள்.

பிராங்கின் விஷயம் வேறு. சியா போய் சந்தைப் பகுதி முதலில் போக்குவரத்து மையத்துக்குப் பேசப்பட்ட இடம். 2015-இல் அங்கே பழைய கால்வாயின் கல் கட்டுமானம் வெளிப்பட்டதும் திட்டம் மாறியது. 2019-இல் தொல்லியல் பூங்காவாகத் திறந்தார்கள். அது சரியான முடிவு. ஜார்ஜ் டவுனுக்குச் சரக்கு வந்து இறங்கிய துறை எப்படி இருந்தது என்று அங்கே கண்ணால் பார்க்கலாம்.

கேள்வி: ஆண்டு இறுதியில் லண்டன் போகிறோம். இதையெல்லாம் நேரில் பார்க்க ஒரு நாள் போதுமா?
– வாசகி, ஜெலுத்தோங்

அரை நாள் போதும். நியூ கிராஸ் கேட் நிலையத்தில் வெஸ்ட் குரோய்டன் போகும் ரயில் ஏறுங்கள். பிராக்லி, ஹானர் ஓக் பார்க் தாண்டி ஃபாரஸ்ட் ஹில் வரை இருபுறமும் உயரமான மண்சரிவு தெரியும். லாக் வரிசைக்குப் பதிலாக வெட்டிய பள்ளம் அதுதான். அனர்லியில் இறங்கி பெட்ஸ் பூங்காவுக்கு நடந்தால், தண்ணீரோடு மிஞ்சிய கால்வாய்த் துண்டு இருக்கிறது. ரயில்பாதை நேராகப் போனதால் ஒதுங்கித் தப்பிய வளைவு. மறுபடி ஏறி நார்வுட் ஜங்ஷனில் இறங்கினால் சவுத் நார்வுட் ஏரி. கால்வாய்க்கு நீர் கொடுத்த தேக்கம். நடக்க வேண்டியிருக்கும், மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், ஆகவே பெட்ஸ் பூங்காவை மதியத்துக்கு முன் முடித்துவிடுங்கள்.